கிளிக் சத்தம் வந்தால் ரிலே நன்றாக இருக்கிறதா?

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் "ரிலே போயிருக்கும்" என்பதில் வந்து நிற்கும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, ரிலே. ஹெட்லைட் மங்கலா, ரிலே. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி காலியா, அதுவும் ரிலேதான். சரி, ரிலே என்றால் என்ன என்று கேட்டால் "சின்ன டப்பா, கிளிக்குன்னு சத்தம் வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதில் எனக்கும் ஒரு சொந்தக் கதை உண்டு. கும்பகோணத்தில் என் சித்தப்பா 1980களின் கடைசியில் வந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறார். சித்திரை மாத வெயிலில் தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பும்போது பாபநாசம் தாண்டியதும் வண்டி சட்டென்று அணைந்துவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. புளியமரத்து நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த நாள் காட்டிய இடத்தில் ரிலேயைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு "கிளிக் வருது, ரிலே ஓகே, பெட்ரோல் பம்பைத்தான் மாத்தணும்" என்றார்கள். மாற்றினோம். பதினைந்து நாள் கழித்து அதே சாலையில் திரும்பவும் நின்றது.

கிளிக் சத்தத்தை நம்பியதால் வந்த செலவு அது. அந்தச் சத்தம் என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று புரிந்துகொண்டாலே பழைய கார் ஒயரிங்கில் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

பம்புசெட் ஸ்டார்ட்டரிலிருந்து ஆரம்பிப்போம்

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு ரிலேயைப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை, போர் மோட்டார் கொட்டகையில் அதன் பெரியண்ணன் சுவரில் தொங்குகிறார். ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை பட்டனை அழுத்துகிறீர்கள், உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. மோட்டார் இழுக்கும் அவ்வளவு கரண்டும் உங்கள் விரல் அழுத்தும் அந்தப் பட்டன் வழியாகவா போகிறது? போனால் பட்டன் ஒரு வாரம் தாங்காது. பட்டன் செய்வதெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு கம்பிச்சுருளுக்குக் கொஞ்சம் கரண்ட் விடுவதுதான். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது, அந்த இழுப்பில் பெரிய செப்புத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, மோட்டாருக்கான கரண்ட் அவற்றின் வழியாகப் பாய்கிறது. கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும், துண்டுகள் பிரிந்துவிடும். அதனால்தான் கரண்ட் திரும்பி வந்தாலும் மறுபடி போய்ப் பச்சையை அழுத்த வேண்டியிருக்கிறது.

கார் ரிலேயும் இதேதான், தீப்பெட்டியில் பாதி அளவில். சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் காந்த சுவிட்சுக்குப் பெயர் ரிலே. காந்தமாகும் சுருள் காயில். ஒட்டிப் பிரியும் துண்டுகள் கான்டாக்ட். கரண்டை இழுத்து வேலை செய்கிற பல்பு, மோட்டார், ஹார்ன் எல்லாவற்றுக்கும் சேர்த்து லோடு என்று பெயர்.

இப்போது இன்னொன்றை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் "டக்" என்று ஒழுங்காக விழுந்தும் மோட்டார் ஓடாமல் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மூன்று கான்டாக்ட்டில் ஒன்று கருகி ஒரு பேஸ் வராமல் போயிருக்கும். அப்போது யாராவது "டக் சத்தம் வந்துச்சே, ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் மோட்டார் மெக்கானிக் சிரிப்பார். காரில் மட்டும் அதையே எல்லோரும் தைரியமாகச் சொல்கிறோம்.

ஒரு டப்பாவுக்குள் இரண்டு பாதைகள்

சாதாரண கார் ரிலேயின் அடியில் நாலு கால் இருக்கும். ஜெர்மன் தரமுறையிலிருந்து வந்த எண்கள் அவற்றின் பக்கத்தில் பொறித்திருக்கும்: 85, 86, 30, 87. முதல் இரண்டும் காயிலின் இரு முனைகள். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்ட் நுழையும் இடம், 87 அது லோடுக்குப் புறப்படும் இடம். காயில் பாதையும் கான்டாக்ட் பாதையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் காந்த இழுப்பு ஒன்றுதான் தொடர்பு.

அளவைப் பாருங்கள். 12 வோல்ட் ரிலேயின் காயிலில் தடை பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை இருக்கும், ஆகவே அது இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கான்டாக்ட் 30, 40 ஆம்பியர் தாங்கும்படி செய்யப்பட்டது. தலா 55 வாட் உள்ள ஹெட்லைட் இரண்டு எரிந்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். ரிலே இல்லாத காலத்துக் கார்கள் பலவற்றில் அந்த 9 ஆம்பியரும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வந்தது, கொஞ்ச நேரம் லைட் போட்டு ஓட்டினால் சுவிட்ச் சுடும், சில வண்டிகளில் உருகியே போயிருக்கும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கிளிக் என்பது காயில் பாதை வேலை செய்வதற்கு மட்டும் சாட்சி. கான்டாக்ட் கருகியிருக்கிறதா, 30க்குக் கரண்ட் வருகிறதா, 87இலிருந்து போகிறதா என்பது பற்றி அந்தச் சத்தத்துக்கு ஒன்றும் தெரியாது.

"கரண்ட் வருது" என்பதில் உள்ள ஏமாற்று

அடுத்த பெரிய குழப்பம் மீட்டரால் வருவது. மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரை வைத்தார், 12 வோல்ட் காட்டியது, "கரண்ட் வருது சார், பல்புதான் போச்சு" என்றார். பல்பை மாற்றினால் அதுவும் எரியவில்லை. எப்படி?

இதற்கு வாய்க்காலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால், கல்லணையில் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளை வாய்க்காலாகிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவேண்டும். நடுவில் ஓரிடத்தில் மண்மேடு தட்டி, ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, ஒரு சாண் இடைவெளிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைமடையில் யாருமே மடையைத் திறக்காத நாளில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் அந்தச் சாண் இடைவெளியில் ஊறி ஊறி மெல்ல நிறைந்துவிட்டது. "தண்ணி முட்டா நிக்குதே, என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்ச ஆரம்பியுங்கள், அரை மணியில் மட்டம் இறங்கிச் சேறு தெரியும்.

மல்டிமீட்டர் மடையைத் திறக்காமல் பார்க்கிற ஆள். அது கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், ஆகவே இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஓர் இழை மட்டும் மிச்சம் இருந்தாலும், டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும், 12 வோல்ட் என்றுதான் காட்டும். நிற்கிற தண்ணீரின் மட்டம்தான் வோல்டேஜ், பாய்கிற அளவு ஆம்பியர், வழியில் அடைக்கும் மண்மேடு தடை. லோடு ஓடும்போது ஓர் அடைப்பின் இரு பக்கத்துக்கும் நடுவே மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதை வோல்டேஜ் டிராப் என்கிறார்கள்.

கணக்கு சின்னதுதான், விளைவு பெரியது. ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை என்றால் ஒன்றுமில்லாத மாதிரி தோன்றும். அதில் 9 ஆம்பியர் பாய்ந்தால் 0.9 வோல்ட் அங்கேயே செத்துவிடும். ஹெட்லைட்டுக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்துவிடும். செல்ஃப் மோட்டார் இன்னும் மோசம், அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற ஆசாமி, 150 ஆம்பியருக்கு அதில் பத்தில் ஒரு பங்குத் தடையே ஒன்றரை வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும்.

அதனால் நான் பழைய வண்டிகளில் முதலில் எடுப்பது டெஸ்ட் லேம்ப்தான். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர், ஒரு ஊசி முனை. அதுவே கொஞ்சம் கரண்ட் இழுப்பதால், ஓர் இழையில் தொங்கும் இணைப்பில் மங்கும் அல்லது எரியவே எரியாது. ஏமாற்றுகிற ஒயர்களில் பாதியை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, லோடை ஓடவிட்டு அளந்தால் அதைப்போல உண்மை சொல்லும் கருவி வேறு இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ரிலேயின் 30லும் 87லும் மீட்டரின் இரு முனையையும் வையுங்கள். நல்ல கான்டாக்ட் என்றால் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உள்ளே கருகியிருக்கிறது, கிளிக் எவ்வளவு அழகாக வந்தாலும் சரி. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி உள்ள வண்டியானால் அந்தப் பெட்டிக்குப் போகும் ஒயர்களில் மட்டும் டெஸ்ட் லேம்பைக் குத்தாதீர்கள், அது இழுக்கும் கரண்டே உள்ளே எதையாவது சுட்டுவிடலாம்.

எர்த் என்பது வடிகால்

பாசனத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வடிகாலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஐப்பசி மழையில் சம்பா மூழ்கும்போதுதான் ஞாபகம் வரும். காரிலும் அப்படித்தான். கரண்ட் பேட்டரியிலிருந்து லோடுக்கு வந்தால் போதாது, திரும்பிப் பேட்டரிக்கே போய்ச் சேரவேண்டும். போகும் வழிக்கு ஒயர் போட்டவர்கள் திரும்பும் வழிக்குக் காரின் இரும்பு உடம்பையே பயன்படுத்திக்கொண்டார்கள், அதுதான் எர்த், பாடி எர்த் என்று கடையில் சொல்வார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சில இதற்கு நேர் தலைகீழ்: எம்ஜிபி கார்கள் 1967 வரை பாசிட்டிவை எர்த்தாக வைத்துத்தான் வந்தன, அந்த மாதிரி வண்டியில் கை வைக்கும் முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வடிகால் அடைத்தால் தண்ணீர் சும்மா நிற்காது, வரப்பு தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகும். கரண்டும் அப்படியே. பின்பக்க லைட்டின் எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால், பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் திரும்ப வழி தெரியாமல் பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் நுழைந்து அதன் வழியாக வெளியேறப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் சேர்ந்து சிமிட்டுவது, இந்த மாதிரிப் பேய் ஆட்டங்களைப் பார்த்தவுடன் ரிலேயைப் பிடுங்கும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு எட்டு தடவை, என் அனுபவத்தில், எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கிக் கொஞ்சம் வாசலைன் தடவினால் பேய் ஓடிவிடும்.

சரிபார்க்க வேண்டுமா? லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் என்றால் பரவாயில்லை. ஒன்றைத் தாண்டினால் வடிகால் அடைத்திருக்கிறது.

சுருக்கமாக, லோடுக்கு வரும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று, இரண்டையுமே லோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

எங்கே தேட ஆரம்பிப்பது

இரண்டு ஊருக்குச் சேர்ந்தாற்போல் தண்ணீர் வரவில்லையென்றால் ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்க்கமாட்டோம், இரண்டுக்கும் பொதுவான மதகைப் போய்ப் பார்ப்போம். மதகைத் திறந்து மூடும் லஸ்கரைக் கேட்டால் இதைத்தான் சொல்வார். காரில் என்னென்ன வேலை செய்யவில்லை என்று முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒயரிங் படத்தில் தேடுங்கள். திறந்து மூடும் ஹெட்லைட் உள்ள வண்டியில் வலது கண் எழுந்து இடது மட்டும் எழவில்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸையோ ரிலேயையோ சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை, இடது மோட்டாரும் அதன் சாக்கெட்டும் எர்த்தும்தான் பாக்கி.

பொதுவான இடம் ரிலே என்று வந்தால் மிகச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: அதே வகை ரிலே வண்டியிலேயே வேறெங்காவது, உதாரணமாக ஹார்னுக்கு, இருக்கும், அதைப் பிடுங்கி இங்கே போட்டுப் பார்ப்பது. ஆனால் டப்பா ஒரே மாதிரி இருக்கிறது என்று மாற்றிவிடாதீர்கள். ஒரே அளவு, நாலு கால், ஆனால் 30உம் 86உம் இடம் மாறியிருக்கும் வகையும் கடையில் கிடைக்கிறது. மூடியில் வரைந்திருக்கும் குட்டிப் படத்தை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுச் சொருகுங்கள்.

ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஐரோப்பிய வண்டிகளில் இரு முனையும் கூம்பாக, திறந்த கம்பி வைத்த ஃபியூஸ் வரும். கம்பி அறுந்திருக்காது, பார்வைக்கு நன்றாக இருக்கும், முனையில் மட்டும் களிம்பு ஏறிக் கரண்டைத் தடுக்கும், விரலால் அதன் இடத்திலேயே சுழற்றிவிட்டால்கூடச் சில சமயம் உயிர் வரும். அறுந்த ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதன்பிறகு ஒயர்தான் ஃபியூஸ், உருகினால் சீட்டுக்கு அடியில் உருகும்.

டெல்டாவில் தனியாக இரண்டு வில்லன்கள் உண்டு. அறுவடை முடிந்ததும் வயலிலிருந்து ஷெட்டுக்குக் குடிவரும் எலி ஒயர் உறையைக் கொறிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று டெர்மினலில் களிம்பு ஏற்றும். வண்டி அந்தப் பக்கம் நின்றதென்றால், நான் மீட்டரை எடுக்கும் முன் டார்ச்சை எடுப்பேன்.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

இப்போது சித்தப்பாவின் வண்டி. இரண்டாவது தடவை நின்றபோது டெஸ்ட் லேம்ப் கையில் இருந்தது. பெட்ரோல் பம்புக்கான ரிலேயை அதன் இடத்திலிருந்து கொஞ்சம் மேலே இழுத்து, கால்கள் தெரியும் அளவுக்கு வைத்துக்கொண்டு, சித்தப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கிளிக் வந்தது. 30இல் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. 87இல் எரியவில்லை.

"என்னடா தம்பி, பம்பா?"

"பம்பு வரைக்கும் கரண்ட் போகவே இல்ல சித்தப்பா. இந்த டப்பாக்குள்ள வருது, வெளிய போகல."

வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், 87ஆம் காலை உள்ளே பலகையோடு பற்றவைத்திருந்த ஈயத்தில் காலைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு வட்ட விரிசல். பம்ப் ஓடும்போதெல்லாம் அந்த வழியாகக் கரண்ட் போய்ச் சூடாகிறது, நின்றால் ஆறுகிறது, உலோகம் விரிந்து சுருங்கி, வருடக்கணக்கில் அப்படியே நடந்து ஈயம் அலுத்துப்போய்விட்டது. வெயிலில் சூடேறினால் விரிசல் விலகும், ஆறினால் திரும்பத் தொடும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது எப்போதும் ஆறியிருக்கும், அதனால் அங்கே எல்லாம் சரியாக வேலை செய்தது.

1982இலிருந்து 1991 வரை வந்த போர்ஷ் 944 வைத்திருப்பவர்களிடையே இது பழகிப்போன நோய். அதில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஒரே டப்பாவுக்குள் ரிலே இருக்கிறது, அதன் ஈயம் விரிசல் விட்டால் வண்டி சொல்லாமல் நிற்கும். அதனால்தான் பலரும் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு உபரி ரிலேயோடு சுற்றுகிறார்கள்.

சோதனைக்காக 30ஐயும் 87ஐயும் ஃபியூஸ் வைத்த ஒயரால் நேராக இணைத்துப் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கலாம், ஓடினால் பம்ப் நல்லது. அதோடு ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். இன்ஜின் நின்றால் பம்பையும் நிறுத்துவது அந்த ரிலேயின் வேலை, அதைத் தாண்டி ஒயர் போட்டுவிட்டால் விபத்தில் குழாய் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ராத்திரியில் பேட்டரியைக் குடிப்பது

இதற்கு நேர்மாறான நோயும் ரிலேக்கு வரும்: கான்டாக்ட் தீப்பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. சாவியை எடுத்தாலும் லோடு ஓடிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் கசிந்தால் 45 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாளுக்குள் காலி. காலையில் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு ரிலேயாகத் தொட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் வெதுவெதுப்பான ரிலே இருக்கக் கூடாது. வெதுவெதுப்பு என்றால் அதன் காயிலுக்கு யாரோ கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒட்டிப்போன கான்டாக்ட் அவ்வளவாகச் சுடாது, அதற்கு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரில் ஆம்பியர் எப்போது விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி.

சித்தப்பா வண்டிக்குப் புது ரிலே போட்டாயிற்று, பழையதற்கு ஈயம் பற்றவைத்து உபரியாக வைத்திருக்கிறோம், அடுத்த சித்திரையைத் தாண்டியும் நிற்கவில்லை. இப்போது புதுப் பிரச்சினை, இடது பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கிறது. "ரிலேதானே?" என்றார் சித்தப்பா. ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தோம், அப்படியே அடித்தது. ஹார்ன் பட்டன் செய்வது ரிலே காயிலின் ஒரு முனையை எர்த்தோடு சேர்ப்பது மட்டும்தான், ஆகவே ஸ்டீயரிங் தண்டுக்குள் எங்கேயோ அந்த ஒயர் உரசி உறை தேய்ந்து, இடது பக்கம் திரும்பும்போது இரும்பைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்கைக் கழற்றுகிறோம்.